கரையின் கால்விரல்

இங்கே நான் தினமும் கோணலாக உட்கார்ந்து வேலை செய்கிறேன். காலையில் மெஷினில் ஏறி, இடுப்புப் பட்டியைப் பூட்டி, குன்றின் சரிவில் ஏற்றி நிறுத்தினால் என் வலது பக்கம் தாழ்ந்து இடது பக்கம் உயர்ந்துவிடும். காலுக்குப் பக்கத்தில் வைத்த தேநீர்ப் போத்தல் உருண்டு போய்க் கதவோடு ஒட்டிக் கிடக்கும். உடம்பு முழுக்க ஒரு பக்கமாக வழியும். ஆனால் முன்னால் பார்த்தால், மண் அள்ளும் பக்கட்டின் வாய் மட்டும் மட்டப்பலகை வைத்துப் பார்த்தது போல நேராக மண்ணில் படிந்திருக்கும். மெஷின் சாய்ந்திருக்கிறது, நான் சாய்ந்திருக்கிறேன், வெட்டு நேராக விழுகிறது. இந்த நாட்டுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். இன்னும் ஒவ்வொரு காலையிலும் ஒரு பயம் வந்துவிட்டுத்தான் போகிறது.

நான் நியூசிலாந்தில், வெலிங்டனுக்கு வடக்கே, வீடு கட்டுவதற்காகக் குன்றுகளைச் சீர்செய்து கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் பெக்கோ ஓட்டுகிறேன். நம் ஊரில் மண் தோண்டும் எந்த மெஷினையும் பெக்கோ என்றுதான் சொல்வோம். இங்கே டிகர் என்கிறார்கள். சொந்த இடம் தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மேலே தேயிலை, கீழே ஆற்றுப் பக்கம் இறப்பர். மனைவி மகேஸ்வரியும் மகள் கௌசியும் இன்னும் அங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். மகேஸ் கொழுந்து பறிக்கிறாள். கௌசி உயர்தரம் படிக்கிறாள். என் விசாவில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. நான் சாதாரண தரத்துக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்னைப் போல வேலைக்கு வந்த யாராவது இதை வாசிக்கலாம், ஊரில் மலையை வெட்டிய கரைக்குக் கீழே குடியிருப்பவர்களும் வாசிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரில் நாங்கள் ஓட்டிய மெஷினின் பக்கட் முன்னே நீளும், பின்னே மடங்கும், அதோடு சரி. மெஷின் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கமே வெட்டும் சாயும். இங்குள்ள பக்கட்டுக்கு மணிக்கட்டு இருக்கிறது. பக்கட்டுக்கு மேலே ஒரு கீல், அதன் இரண்டு பக்கமும் எண்ணெய் அழுத்தத்தில் நீளும் சிறிய தண்டுகள். கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சின்னச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். அதை உருட்டினால் பக்கட் இடது பக்கமோ வலது பக்கமோ தலையைச் சாய்க்கும். எங்கள் பெரிய மெஷினில் பூட்டியிருப்பது சாய்வதோடு முழு வட்டமாகச் சுற்றவும் செய்யும். அதற்கு டில்ட் ரொட்டேட்டர் என்று பெயர். சட்டியின் அடியை வழிக்கும் கை போல அது கானின், குழாய் போட வெட்டும் பள்ளத்தின், அடியை வழித்தெடுக்கும். ஏற்கெனவே ஒரு குழாய் குறுக்கே போனால், மெஷினை நகர்த்தாமலே பக்கட்டைத் திருப்பி அதற்குக் கீழே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்கலாம். பக்கத்தில் ஒரு திரை, சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று நிறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும்; சரியாக இருந்தால் பச்சை. ஊரில் கான் வெட்டினால் ஆட்கள் மம்பட்டியோடு உள்ளே இறங்கி அடியைச் சீவுவார்கள், பக்கட் அவர்கள் தலைக்கு மேலே நிற்கும். இங்கே கானுக்குள் யாரும் இறங்குவதில்லை. முதல் வாரம் அந்த வெறும் கானைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பேச்சுச் சத்தம் இல்லை, வெற்றிலை துப்புகிறவர் இல்லை, மெதுவா போடுங்க என்று கத்துகிறவர் இல்லை.

நம் பக்கத்தில் சரிவில் வேலை என்றால், ஒபரேட்டர் முதலில் தனக்கு நிற்க ஒரு படி வெட்டுவார். மேட்டின் அடியைக் கொத்தி, அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, மெஷின் நடக்கும் இரண்டு செயினும் மட்டமாக உட்காரும்படி இடம் செய்துகொள்வார். மெஷின் மட்டமாக நின்றால்தான் வெட்டு மட்டமாக வரும். வேறு வழி கிடையாது. படி வெட்டத் தெரியாதவனை ஒபரேட்டர் என்று யாரும் மதிக்கவும் மாட்டார்கள். அதற்குமேல் எனக்கு ஒரு தனிப் பயமும் உண்டு. நானும் நிமல் என்ற குருவிட்ட ஊர்ப் பையனும் ஒரே மெஷினை மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தோம். அவன் சிங்களம், முன்பு மாணிக்கக் குழியில் மண் இழுத்தவன், என்னை விடப் பத்து வயது இளையவன். மழை விட்ட மறுநாள் ஃபெக்டரி ரோட்டில் படி வெட்டச் சோம்பல்பட்டுச் சரிவிலேயே மெஷினைத் திருப்பினான். கீழே நின்ற நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் பக்கவாட்டில் மெதுவாக, சத்தமே இல்லாமல், சோப்பு வழுக்குவது போல வழுக்கியது. நிமல் குதித்துவிட்டான். மெஷின் இரண்டு இறப்பர் மரங்களை முறித்துக்கொண்டு போய் நின்றது. சேற்றிலிருந்து எழுந்து வந்தவன், என் செருப்பு எங்கே ஐயே என்று கேட்டான். ஐயே என்றால் சிங்களத்தில் அண்ணா. எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அதிலிருந்து, உட்காரும் இடம் சாய்ந்தால் என் கை தானாகப் படி வெட்டப் போய்விடும்.

இங்கே வந்த முதல் வாரமும் அப்படித்தான் போனது. சரிவில் நிறுத்தியதும் பயத்தில் மேட்டின் அடியைக் கொத்தி எனக்கு ஒரு படி செய்யத் தொடங்கினேன். கீழே நின்ற மேற்பார்வையாளர் க்ரெய்க் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அறுபது வயது, செம்மறித் தோல் மாதிரி தாடி. ஏறி வந்து கதவைத் திறந்து, இறங்கு என்று கையைக் காட்டினார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு வார்த்தையும் கேட்காமல் இறங்கி, வேனுக்குப் போய், சாப்பாட்டுப் பெட்டியையும் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வாசல் பக்கமாக நடந்தேன். க்ரெய்க் பின்னாலேயே ஓடி வந்தார். இருக்கையில் தான் உட்கார்ந்து காட்டித் தரத்தான் என்னை இறங்கச் சொல்லியிருக்கிறார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, அவ்வளவு பசியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

அன்று அவர் காட்டித் தந்தது எனக்குப் பாதி விளங்கியது, மீதி பிறகு விளங்கியது. கரை வந்து தரையைத் தொடும் இடத்தை இவர்கள் கால்விரல் என்கிறார்கள். மேலே இருக்கும் மண்ணெல்லாம் அந்த விரலை ஊன்றித்தான் நிற்கிறது. அதை வெட்டாதே. மெஷின் கொஞ்சம் சாய்ந்தால் சாயட்டும், சாய வேண்டியதைப் பக்கட் பார்த்துக்கொள்ளும், கரையை மேலிருந்து கீழே கூரை மாதிரி சரித்து இறக்கு, விரலை மட்டும் விட்டுவிடு. அவர் தன் பூட்ஸின் முனையை என் பூட்ஸின் முனையால் மிதிக்கச் சொல்லி, விழப்போவது போல நடித்துக் காட்டினார். நான் ஊரில் இவ்வளவு வருஷமும் எத்தனை கரையின் விரலை வெட்டினேனோ என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். எங்களுக்கு வேறு மெஷின் இருக்கவில்லை என்பதும் உண்மை.

போன வைகாசி மழையில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் லயத்துக்காரர்களுக்குத் தனி வீடு கட்டித் தருவதாகப் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இடம் ஒதுக்கி, அதற்குப் பாதை வெட்டவும் தொடங்கினார்கள். பாதை லயத்தின் பின்பக்கமாக, தேயிலை மலையின் அடியை ஒட்டிப் போகிறது. காலையில் வேனில் வேலைக்குப் போகும்போது கௌசி அனுப்பியிருந்த வீடியோவைத் திறந்தேன். முந்திய நாள் மாலையில் எடுத்தது. “அப்பா, நம்ம ரோடு பாருங்க” என்று அவள் குரல். மஞ்சள் பெக்கோ ஒன்று, பின்னால் கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள், எங்கள் பின் கதவு, தண்ணீர்ப் பீப்பாய். மகேஸ் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பெக்கோ தனக்கு நிற்கப் படி வெட்டியிருந்தது. மலையின் அடி லயத்தின் முழு நீளத்துக்கும் நெட்டுக்குத்தாக, சிவப்பாக, அறுத்த இறைச்சி போல நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. கௌசி போனை மேலே தூக்கினாள். உச்சியில் கரையோரத்துத் தேயிலை வரிசை நேராக இல்லை. துணி காயப்போட்ட கொடி நடுவில் தொய்வது போல, எங்கள் லயத்துக்கு நேர் மேலே தொய்ந்திருந்தது.

நான் உடனே அழைத்தேன். இங்கே விடிந்துவிட்டது, அங்கே நடு இரவு. படுக்கும்போது மகேஸ் போனை அணைத்து வைப்பாள். கௌசியின் போனும் அடிக்கவில்லை. அந்த மலைக்குக் கீழே இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், நான் வேனிலிருந்து இறங்கி மெஷினில் ஏற வேண்டும். அன்று எனக்குக் கொடுத்தது மழைநீர்க் குழாய்க்குக் கான் வெட்டும் வேலை. திரை பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பக்கட்டைச் சாய்த்தேன். மண் பக்கட்டிலிருந்து விழும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் எனக்கு லயத்தின் பின்னால் விழுவது போலக் கேட்டது.

பத்து மணித் தேநீருக்கு இறங்கியபோது க்ரெய்க்கிடம் போனை நீட்டினேன். நானாக அவரிடம் போனது அதுதான் முதல் தடவை. அவர் வீடியோவைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். இப்படி வேலை செய்யும் கோமாளிகளின் வீடியோக்களைப் பையன்கள் தேநீர் நேரத்தில் காட்டிச் சிரிப்பது வழக்கம். நானும் கடைசியில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். என் தோளில் தட்டி, இவனுக்கு லைசன்ஸ் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தேன், ஏனென்றால் வேறு முகம் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. பிறகு பின் கதவில் நிற்கும் மகேஸைத் தொட்டுக் காட்டி, “மை வைஃப்” என்றேன். பேசும் குரலைக் காட்டி, “மை டோட்டர்” என்றேன்.

க்ரெய்க் சிரிப்பதை நிறுத்தினார். வீடியோவை இன்னொரு தடவை ஓட்டி, மேலே தொய்ந்த வரிசை வந்த இடத்தில் நிறுத்தினார். தேநீரைப் புல்லில் ஊற்றினார். “அவுட். டுடே” என்றார். நான் தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நொட் டுமாரோ, டுடே என்று மறுபடியும் சொன்னார். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் அது உண்மையாகிவிட்டது. அதுவரை, நான் பயந்தவன், எதற்கும் பயப்படுகிறவன், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் அங்கே மகேஸ் எழுந்து அடுப்பு மூட்டும் நேரம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் விறகை ஒடித்து அடுப்பில் வைப்பது மழைச் சத்தத்தோடு கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, இந்த ரோட்டுக்குத்தான எல்லாரும் காத்துக்கிட்டு கெடந்தோம். ரோடு நின்னா வீடு நின்னுரும். பாரின் போனவரு தோட்டத்து ரோட்ட நிப்பாட்டுறாருன்னு என்னையத்தான் கேப்பாங்க. நீங்க அங்க இருப்பீங்க, நான்ல பீலிக்குத் தண்ணி எடுக்கப் போகணும்?”

ரோட்டை விடு, நீங்கள் இரண்டு பேரும் மட்டுமாவது பள்ளிக்கூடத்து மண்டபத்தில் போய் இருங்கள் என்றேன். நாங்கள் மட்டும் போனால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டாள். கடைசியில், “நீங்க எதுக்கும் பயப்படுவீங்க. கல்யாணத்தன்னைக்கே பயந்தீங்க” என்று சொல்லி, சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, இருமினாள்.

வீடியோவில் பெக்கோவின் கதவில் ஒட்டியிருந்த படத்தை வைத்து ஒபரேட்டர் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நிமல்தான். அவன் எந்த மெஷினில் ஏறினாலும் அந்தப் படத்தை ஒட்டிவிடுவான். அவன் வேலைக்கு வரும் நேரம் பார்த்து, இங்கே லொரி மண் கொட்டப் போயிருந்த இடைவெளியில் அழைத்தேன். சிங்களத்தில்தான் பேசினோம். வெள்ளைக்காரன் சாப்பாட்டில் கொழுத்துவிட்டாயா ஐயே என்று தொடங்கினான். நான் வீடியோவைப் பற்றிச் சொன்னதும் அவன் குரல் மாறியது.

“படி வெட்டாம நான் எங்க நிக்கிறது ஐயே? உங்க பக்கட் அங்க தலையாட்டும். எங்க பக்கட்டுக்குக் கழுத்தே இல்ல. நீங்க இங்க இருந்தப்ப மட்டும் வேற மாதிரியா வெட்டுனீங்க?”

அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்த மெஷினில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் கூடியது. கோபப்பட ஒருவன் கிடைத்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மேலே போய்த் தேயிலை வரிசைக்குப் பின்னால் நிலம் பிளந்திருக்கிறதா என்று பார், இனி அடியை ஒரு பக்கட்கூட எடுக்காதே, எடுத்த மண்ணைத் திரும்ப அதே அடியில் கொட்டி அமுக்கி வை என்றேன். மண்ணைத் திருப்பிப் போட்டால் கொன்ட்ராக்டர் நாளைக்கு வேறு ஆளைப் போடுவான் என்றான். அப்போது எனக்கு லொரி வந்துவிட்டது. போனை வைக்க வேண்டியதாயிற்று.

கௌசிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: மேலே போகாதே, அம்மாவையும் போக விடாதே. அதைத்தான் நான் அனுப்பாமல் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு நினைத்தேன்; அனுப்பியதும் நல்லது என்றும் நினைத்தேன். அதைப் படித்ததும் மகேஸ் மேலே போய்விட்டாள். மழை என்று அன்று கொழுந்து பறிப்பு இல்லை. மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ராணியையும் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள். அந்த மலை அவள் பறிக்கும் மலை; அங்கே தேயிலை வரிசைக்கு நிறை என்று பெயர். கவ்வாத்து வெட்டியதிலிருந்து எந்தச் செடி தன் உடம்பில் எங்கே இடிக்கும் என்று கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும். இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாகப் பறித்துப் பறித்து அந்த மட்டத்தைச் செய்து வைத்திருப்பதே அவர்கள்தான்.

வேலை முடிந்து நான் வேனில் ஏறியபோது அவளே அழைத்தாள். மூச்சு வாங்கியது.

“ஏங்க, நேத்து வரைக்கும் இடுப்புல இடிச்ச செடி இன்னைக்கு முட்டிக்குக் கீழ நிக்குது. அந்த நெற மட்டும். இந்தப் பக்கத்து நெற சரியா இருக்கு. நடுவுல வெடிச்சிருக்கு, ராணி கால விட்டு எடுத்தா.”

அவள் அதற்குள் கீழே இறங்கி, பெண்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். மண், விரல், சரிவு என்று நான் போனில் சொன்னதை எல்லாம் விட, நம்ம செடி முட்டிக்கு இறங்கிருச்சு என்ற ஒரு வார்த்தை எல்லாருக்கும் விளங்கியிருக்கிறது. ஒவ்வொருத்தியும் அந்த நிறையில் நின்று பறித்தவள். கங்காணி மட்டும், தொரை வந்து சொல்லட்டும், அதுவரை யாரும் போகவேண்டாம் என்றாராம். ராணி அவரிடம், தொரை எங்க லயத்துலயா படுக்கிறாரு என்று கேட்டுவிட்டு, பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு முதலில் நடந்தாளாம். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் லயம் முழுக்க இருந்தது. அன்று நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. மண்டபத்தில் பிள்ளைகள் ஓடும் சத்தத்தைப் போனில் கேட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் அவர்களுடைய மாலையில் மலை இறங்கியது. லயத்தின் கடைசி இரண்டு வீடுகளின் குசினிச் சுவர்கள் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் தண்ணீர்ப் பீப்பாய் வரை வந்து நின்றுவிட்டது. பிறகுதான் நிமல் அழைத்தான். முந்திய நாள் நான் போனை வைத்த பிறகு, எடுத்த மண்ணில் பெரும் பகுதியை அவன் திரும்ப மலையின் அடியில் கொட்டி அமுக்கியிருக்கிறான். கொன்ட்ராக்டர் கேட்டதற்கு ஹோஸ் வெடித்து எண்ணெய் போய்விட்டது, வேலை நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த மண்தான் மலையை எங்கள் வீட்டுக்கு வராமல் தடுத்ததா, அல்லது மலையே அவ்வளவுதான் வர நினைத்ததா, எனக்குத் தெரியாது. நிமலுக்கும் தெரியாது. அங்கே வேலை போய்விட்டது, இப்போது வேறு இடத்தில் மெஷின் கிடைத்திருக்கிறது என்றான்.

இங்கே முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் பாதி மலைதான் வந்திருக்கிறது. மீதிப் பாதி, வெடிப்போடு, மேலே நிற்கிறது. கொழும்பிலிருந்து மண்ணைப் பார்க்கிறவர்கள் வந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே இருப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, அது அவர்கள் வேலை இல்லை. பாதை நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லயத்துக்குத் திரும்பின. கடைசி இரண்டு வீட்டுக்காரர்களும் உறவுக்காரர்களின் வீடுகளுக்குப் போனார்கள். மகேஸை டவுனில் ஓர் அறை எடுத்துப் போகச் சொன்னேன். லயத்தை விட்டுப் போனால் வீடு கொடுக்கிற நாளில் நம் பெயர் இருக்காது என்கிறாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். பீலியில், அவரு வாய வச்சாரு ரோடு நின்னுருச்சு என்று கங்காணியின் மனைவி சொன்னாராம். மகேஸ் அதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள், கௌசி சொல்லிவிட்டாள். அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான்.

நான் இங்கே கரைகளைச் செய்துகொண்டிருக்கிறேன். கோணலாக உட்கார்ந்து, கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டி, மேலிருந்து கீழே கூரை மாதிரி சரித்து, அடியைத் தொடாமல் விட்டு, மேலே தண்ணீர் போக ஒரு கான் எடுத்து, கீழே ஒரு கான் எடுத்து. க்ரெய்க் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போகிறார். போன சனிக்கிழமை இளம் தம்பதி ஒன்று தங்கள் மனையைப் பார்க்க வந்தது. குழந்தை வண்டியை நான் வெட்டிய கரைக்கு நேர் கீழே நிறுத்திவிட்டு, சமையலறை எங்கே வரும், படுக்கை எங்கே வரும் என்று கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைகூட நிமிர்ந்து கரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் எந்த நாடு என்று கேட்டாள். சொன்னேன். அவர்கள் அங்கே போயிருக்கிறார்களாம், ரயிலில் தேயிலை மலைகளைப் பார்த்தார்களாம், அவ்வளவு அழகாம். அந்த மலைகளை நினைத்துக்கொண்டே இருப்பீர்கள் இல்லையா என்று கேட்டாள். எப்போதும் நினைப்பேன் என்றேன். அவள் இரக்கத்தோடு சிரித்தாள். குழந்தை வண்டியைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்ல வாய் வந்தது. இந்தக் கரை நான் செய்தது, விழாது. இருந்தாலும் வந்தது.

வேலை நேரத்தில் மெஷினில் போன் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. ஊரில் மழைக்காலம் முடியும் வரை க்ரெய்க் என் பக்கம் பார்க்காத மாதிரி போகிறார். நேற்றுப் பிற்பகல் லொரி திரும்பி வரும்வரை இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருந்தபோது மகேஸ் அழைத்தாள். அங்கே விடிந்திருந்தது. நல்ல மழை என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றேன். “பள்ளிக்கூடம் போற படியெல்லாம் ஆறு மாதிரி ஓடுது. மழை கொஞ்சம் வெறிக்கட்டும், போறோம்” என்றாள். பிறகு, நான் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று போனை அணைக்காமல் சுவர்த் தட்டில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள். தகரத்தில் மழை விழும் சத்தம் கெபின் முழுக்க நிறைந்தது. அதற்குள் கௌசி ஏதோ கேட்பதும், மகேஸ் பதில் சொல்வதும், பாத்திரம் ஒன்று வைக்கப்படுவதும் கேட்டது. நான் ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்துப் பிரித்துக் கேட்டேன். மழைக்குப் பின்னால், மலைப் பக்கத்திலிருந்து, வேறு எதுவும் கேட்கிறதா என்று கேட்டேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். க்ரெய்க். லொரி வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில், குன்று முழுக்கக் காய்ந்திருந்தது. என் மெஷினின் வைப்பர் மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது அதைப் போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. காய்ந்த கண்ணாடியில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிறீச்சிட்டுக்கொண்டு போய் வந்தது. க்ரெய்க் லொரிக்காரனைக் காத்திருக்கும்படி கையைக் காட்டினார். நானும் அதை நிறுத்தவில்லை.